நாளை கழற்றப்படும் சாமான்கள்

வேலை செய்கிற சாமானைக் கண்டால் அன்ரிக்குக் கை சும்மா இருக்காது. பழுதாகிப் போனதைத் திருத்துகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர், அதில் என்ன கெட்டித்தனம் என்பார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைக்க வேண்டும். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு, அதுதான் பக்தி. "வேலை செய்யுது எண்டதுக்காக அப்பிடியே விட்டுடுறதோ?" என்று கேட்பார். அவர் வீட்டில் இருந்த நாலு வருஷத்தில் அந்தக் கேள்வி என் காதில் விழாத கிழமை இல்லை.

நான் அவருக்கு உறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, ஓர் அச்சகத்தில் புரூவ் பார்த்துப் பிழை திருத்துகிற வேலை கிடைத்து, வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய பின் அறையை வாடகைக்கு எடுத்தவன். அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்ட். அவருடைய கணவர் அங்கிள் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். காலையில் திருநீறு பூசி, பேப்பர் படித்து, பிறகு மாலை வரை எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பார். பயப்படுகிற விஷயத்தில் நான் அங்கிளின் கட்சி. அன்ரி மட்டும் எதிர்க்கட்சி, ஆனால் ஆட்சி அவருடையது.

முன் அறையில் நாற்காலி போட இடமில்லை. இரண்டு கொம்பியூட்டர்கள், ஒரு மொடெம், ஒரு வீடியோ டெக், இரண்டு கசெட் டெக், கரண்ட் போகிற நேரத்துக்கென்று ஒரு கார் பற்றரி, சிற்றலை பிடிக்கிற பெரிய றேடியோ ஒன்று. றேடியோவின் ஏரியல் வயர் பல்கனியில் உடுப்புக் காயப்போடுகிற கொடியாகவும் வேலை பார்த்தது. அங்கிளின் வேட்டி ஈரமாகத் தொங்கினால் லண்டன் செய்தி இரையும், காய்ந்தால் தெளியும். செய்தி நேரத்துக்கு முன்னால் வேட்டியை எடுத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

கடற்காற்று அவருடைய பரம விரோதி. வெள்ளவத்தைக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பை இரண்டு மாதத்தில் தின்றுவிடும். அதற்காக அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்ப்பை எப்போதும் எரியவிட்டு உதிரிப் பாகங்களைச் சூடாக வைத்திருப்பார். அதே அலுமாரியில் அங்கிளின் சேட்டுகளும் இருந்தபடியால் மனிதர் எந்நேரமும் இளஞ்சூடான சேட்டோடுதான் வெளியே போவார். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் குறுணிப் பைகளுக்காக ஹெவ்லொக் டவுன் வரைக்கும் சப்பாத்துக் கடைகளில் சிநேகம் வைத்திருந்தார். கொம்பியூட்டருக்குள் செருகுகிற மெமரித் துண்டின் மஞ்சள் பற்களை எழுத்து அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தங்கம் தம்பி, தங்கம்!" என்பார்.

புதிதாக ஒன்று வாங்கினால் பழையதை எறிகிற வழக்கம் கிடையாது. பெரிய கொம்பியூட்டருக்குப் புது மெமரி வந்தால் அதில் இருந்தது சின்னதுக்குப் போகும், சின்னதில் இருந்தது மேல் மாடி ரீச்சர் வீட்டுக்குப் போகும். மூத்தவனின் சட்டை இளையவனுக்கு இறங்குகிற மாதிரித்தான். ஒரு துண்டு வாங்கினால் மூன்று வீட்டில் கொண்டாட்டம்.

இதெல்லாம் வேறு காலத்தில், வேறு ஊரில் நடந்திருந்தால் வெறும் வேடிக்கை. அது சண்டைக் காலம். ஒரு பற்றரி, ஒரு மணிக்கூடு, நாலு வயர், இவ்வளவும் ஒரு தமிழ் வீட்டு மேசையில் ஒன்றாகக் கிடந்தால் பார்க்க வருகிறவனுக்கு என்ன தோன்றும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைவிடக் குறைந்த காரணத்துக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் மாதக் கணக்கில் விசாரணை இல்லாமல் உள்ளே இருந்தார்கள். "இந்த அறையால ஒருநாள் எங்களில ஒராள் உள்ளுக்குப் போறது நிச்சயம்" என்று அங்கிள் கிழமைக்கு இரண்டு தரமாவது சொல்வார். யார் அந்த ஆள் என்று அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

அன்ரி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எல்லாச் சாமான்களின் மூடியிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, அழகான சிங்களத்தில் விளக்கம் எழுதினார். 'இது றேடியோ. செய்தி கேட்பதற்கு.' 'இது கார் பற்றரி. கரண்ட் இல்லாத நேரம் விளக்கு எரிப்பதற்கு.' 'இது மொடெம். ரெலிபோன் வயரில் கடிதம் அனுப்புவதற்கு. சத்தம் போடும், பயப்பட வேண்டாம்.' கடைசி வரியைப் பார்த்து அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார்.

பயமே இல்லாத மனுசி என்றுதான் நான் நினைத்தேன். ஒருமுறை மருதானையில் ஒரு சோடி மெமரித் துண்டு வாங்கிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் வந்தோம். வீடு வரும் வரை பொறுக்க முடியாமல் பையைத் திறந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். "மேக்க மொகக்த?" இது என்ன என்று ஆமிக்காரன் கேட்டதுதான் தாமதம், அன்ரி சிங்களத்தில் தொடங்கிவிட்டார். எட்டு மெகாபைட்டாக இருந்த மெமரி பதினாறாகப் போகிறது, படம் இனிமேல் சட்டென்று வரும், உப்புக்காற்றுப் படாமல் எப்படி வைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பொடியன் பாவம், போங்கோ போங்கோ என்று இரண்டு கையாலும் கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தான்.

அந்தச் சோடியைக் கொம்பியூட்டருக்குள் பூட்டுகிற நாள்தான் வினையாகிவிட்டது.

பராமரிப்புக்கு அவர் வைத்திருந்த நாள் போயா. மாதாமாதம் பறுவத்துக்கு, முழுநிலவு நாளுக்கு, லீவு. கந்தோரும் கடையும் பூட்டு. ஊர் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போக, அன்ரி ஸ்குறூ டிரைவரை எடுப்பார். ஒன்பது மணிக்கு எல்லா மூடிகளும் கழன்றுவிடும். தூசு தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒரு மணிக்கு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் சோறு.

அன்றைக்குப் பத்து மணியிருக்கும். கதவு தட்டுப்பட்டது. திறந்தால் சார்ஜன்ட் ஒருவர், பின்னால் நாலு பொலிஸ்காரர். ஒழுங்கை முழுக்கச் சோதனை. மேசையில் எல்லாம் அம்மணமாகக் கிடந்தது. பச்சைப் பலகைகள், வயர்கள், பற்றரி, போதாக்குறைக்கு அன்றைக்கென்று பார்த்துக் கழற்றிய மேசை மணிக்கூடும். அவ்வளவு கவனமாக ஒட்டிய சிங்கள விளக்கங்களோ மூடிகளில் இருந்தன. மூடிகள் ஈரத்துணியால் துடைபட்டுப் பல்கனியில் காய்ந்துகொண்டிருந்தன. இது றேடியோ, இது மொடெம் என்று வரிசையாக வெறும் தகரங்கள் கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

"மேக்க மொகக்த?" என்றார் சார்ஜன்ட். குரல் உயரவில்லை. அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன்.

அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். முகத்தில் பயம் ஒரு துளி இல்லை. விருந்தாளியைக் கண்ட சந்தோஷம்தான் இருந்தது. நல்ல நாளில் வந்தீர்கள், இன்றைக்குத்தான் எட்டைப் பதினாறாக்குகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூட்டு" என்றார். "கொம்பியூட்டர் என்றால் வேலை செய்யவேண்டும். செய்யாவிட்டால் மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும்."

அன்ரி பூட்டினார். கை ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. வயர்களைக் கொடுத்தார், சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது, மெமரியை எண்ணுகிற இலக்கம் கிறுகிறுவென்று ஏறி எட்டாயிரத்துச் சொச்சத்தில், அதாவது பழைய எட்டிலேயே, நின்றது. பிறகு வழக்கமான படம் வந்தது. நான் மூச்சை விட்டேன்.

"வெட கரனவானே" என்று சார்ஜன்ட் எழும்பினார். வேலை செய்கிறதுதானே, சரி, போகலாம் என்ற கருத்து.

அன்ரி அவரை வழி மறித்தார். கடவுளே, வழி மறித்தார்! "வேலை செய்கிறது என்பதற்காக அப்படியே விட்டுவிடுவதா மஹத்தயா? பாதிதான் எண்ணியிருக்கிறது. புதுச் சோடியை அது காணவில்லை. இருங்கள்" என்றார். சொல்லிக்கொண்டே சுவிட்சை நிறுத்தி மறுபடியும் கழற்றத் தொடங்கிவிட்டார்.

"இஞ்சேரும், உமக்கு விசரோ?" என்று அங்கிள் தமிழில் அழுதார். நான் மனதுக்குள் ஊரில் இருக்கிற எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்தேன். ஆனால் சார்ஜன்ட் போகவில்லை. என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்தார். பொலிஸ்காரர்களும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள். அன்ரி புதுச் சோடியை வெளியே எடுத்து, ரப்பரால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தினார். 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுவிட்சைப் போட்டார். இலக்கம் எட்டாயிரத்தைத் தாண்டியது. பத்து, பன்னிரண்டு, பதினாலு... எனக்கும் நெஞ்சு அடித்தது, இந்த முறை பயத்தில் இல்லை. பதினாறாயிரத்தைத் தொட்டபோது அன்ரி கைதட்டினார். ஒரு பொலிஸ்காரன் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு சார்ஜன்டின் முகத்தைப் பார்த்துக் கையைக் கீழே போட்டான்.

போகிற போக்கில் சார்ஜன்ட் வாசலில் நின்று, "நோனா, இனிமேல் எதையாவது கழற்றுவதென்றால் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டுக் கழற்று" என்றார். ஒரு வீறாப்புக்குச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. அன்ரி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த போயாவுக்கு முதல் நாள் கந்தோர் விட்டு வந்ததும் சிங்களத்தில் ஒரு கடிதம் டைப் அடித்தார். "கனம் பொறுப்பதிகாரி அவர்களுக்கு, நாளை போயா தினத்தன்று காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை எமது வீட்டில் கழற்றப்படும் சாமான்கள் பின்வருமாறு. கொம்பியூட்டர், பெரியது. கொம்பியூட்டர், சின்னது. வீடியோ டெக், ஹெட் துடைப்பதற்கு மட்டும். ஒரு மணிக்குப் பின் யாவும் மூடப்பட்டிருக்கும் என உறுதியளிக்கிறேன்."

"அவன் ஒரு கதைக்குச் சொன்னவன். அதுக்காகப் போறதோ?" என்றார் அங்கிள்.

"வீட்டில ஒரு புது ஆள் வந்து தங்கினா ஸ்டேஷனில பதியிறம்தானே? இதுகும் புதுசா வாற ஆள்தான். நாளைக்கு வந்து ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?"

பதிவு எங்களுக்கெல்லாம் பழகிப்போன தொல்லைதான். ஊரிலிருந்து யாராவது வந்து ஓர் இரவு தங்கினாலும் படிவம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடாமல் சமாளிக்க என்ன வழி என்றுதான் தமிழர் எல்லோரும் பார்ப்போம். பொலிஸைக் கண்டு ஊரே ஒளிக்க, இவர் மெமரித் துண்டைப் பதியப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று ஒழுங்கையில் சொல்லவே கூசினேன்.

முதல் மாதம் மேசையில் இருந்த பொலிஸ்காரர் சிரித்தாராம். இரண்டாம் மாதம் அன்ரியைத் துரத்தினாராம். மூன்றாம் மாதம் துரத்தியும் போகாமல் கார்பன் பிரதியில் ஒப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. "ஹெட்ட மொனவத அரின்னே, நோனா?" நாளைக்கு எதைத் திறக்கப் போகிறாய் என்று கேட்பார்களாம். ஒரு மாதம் பட்டியலில் வீடியோ டெக் இல்லை என்று கண்டு, அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்களாம். அன்ரி அதை வந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிருக்கும். நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் விடியவே ஒழுங்கையை வளைத்தார்கள். என்னுடைய பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருந்தது. துண்டைப் பார்க்கவில்லை, அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தார்கள். ஏறு என்றார்கள். அன்ரியின் அறைப் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிள் ஆயிரம் தரம் சொன்ன மாதிரி எங்களில் ஓர் ஆள் உள்ளே போனது சரிதான். அறையால் அல்ல, ஊரால்.

ஸ்டேஷன் முற்றத்தில் நாற்பது பேர் நிலத்தில் குந்தியிருந்தோம். மாலையில் பஸ் வரும், வெளியூர்ச் சிறைக்கு ஏற்றுவார்கள் என்று யாரோ குசுகுசுத்தார்கள். ஏற்றினால் எப்போது திரும்புவது என்று தெரியாது. ஊரில் அம்மாவுக்குச் செய்தி போகவே ஒரு மாதம் ஆகும். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிபோல உள்ளே அன்ரியின் குரல் கேட்டது. யன்னல் திறந்திருந்தது. மேசைக்காரர் வழக்கம்போல, "ஹெட்ட மொனவத அரின்னே, நோனா?" என்றார். அன்ரி சிரிக்கவில்லை. என் பெயரைச் சொன்னார். என் வீட்டுப் பிள்ளை, பதிவு இருக்கிறது, விடுங்கள் என்றார். அது தங்கள் கையில் இல்லை, பெரியவர் வரவேண்டும் என்றார்கள். மர வாங்கு கிறீச்சிட்டது, அன்ரி உட்கார்ந்துவிட்டார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. போ என்றார்கள், போகவில்லை. மூன்று மணிக்குப் பொறுப்பதிகாரி வந்தார். அவருக்கு நல்ல மனநிலை இல்லை என்பது சப்பாத்துச் சத்தத்திலேயே தெரிந்தது.

"இந்தப் பெடியன் நல்லவன் என்று உனக்கு எப்படித் தெரியும்? எல்லா வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார் அவர்.

அன்ரி சிங்களத்தில் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். "சேர், என் வீட்டில் ஒரு ஸ்குறூவைக் கழற்றினாலும் முதல் நாளே வந்து உங்களுக்குச் சொல்கிறவள் நான். வீட்டில் ஒரு கூடாத ஆள் இருந்தால் சொல்லாமல் இருப்பேனா?"

பெரியவர், "என்ன சொல்கிறாள் இவள்?" என்றார்.

"உண்மைதான் சேர்" என்றார் மேசைக்காரர். மேசை லாச்சியை இழுக்கிற சத்தம், தாள் புரட்டுகிற சத்தம். "மாதாமாதம் சேர். வீடியோ டெக்கின் ஹெட் துடைப்பதைக்கூட எழுதித் தருகிறா."

பெரியவர் தாள்களைப் பார்த்தார் போலிருக்கிறது. ஒரு செருமல் கேட்டது. அது சிரிப்பா இருமலா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழும்பியபோது மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அது இன்னமும் உறுத்துகிறது.

வெளியே வந்து காலி வீதியைக் கடக்கிற இடத்தில்தான் கவனித்தேன், அன்ரியால் கைப்பையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கைப்பையின் வாரைப் பிடிக்கிறார், அது நழுவுகிறது, திரும்பப் பிடிக்கிறார். மயிர் மாதிரி வயர்களை இழை இழையாகப் பிரிக்கிற கை அது.

"அன்ரி, உங்களுக்குப் பயமே வராது எண்டு நினைச்சனான்."

"ஆர் சொன்னது?" நின்று என்னைப் பார்த்தார். "அந்தப் படியில ஒவ்வொரு மாதமும் செபம் சொல்லிச் சொல்லித்தான் ஏறுறனான். வீட்ட வந்து சிரிச்சா நீங்கள் ரெண்டு பேரும் பயப்பட மாட்டியள் எண்டு சிரிக்கிறது."

"அப்ப விட்டிருக்கலாமே? கழட்டாம இருந்திருக்கலாம்."

"பயம் எண்டு கழட்டாம விட்டா, தம்பி, பிறகு அதுதான் வீட்டை நடத்தும்." வீதியைக் கடந்தார். பிறகு, "உமக்குப் பக்கத்தில இருந்த அந்தச் சிவப்புச் சேட்டுப் பிள்ளை எந்த வீடு? கேட்டு வந்திருக்கலாமே. வீட்டுக்காரரிட்ட எண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்று என்னை ஏசினார். ஏச்சு வாங்க வேண்டியவன்தான்.

அந்த மாதப் போயாவுக்கு முதல் நாள் அன்ரி டைப் அடித்து முடித்த கடிதத்தை நான் கேட்டு வாங்கினேன். "உமக்கு என்ன விசரோ?" என்று அங்கிள் இந்த முறை என்னைக் கேட்டார். ஸ்டேஷன் படியில் ஏறும்போது எனக்குத் தெரிந்த தேவாரத்தை அரைவாசியில் மறந்து திரும்பத் தொடங்கி, மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மேசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தை விரித்து வாசித்தார். கொம்பியூட்டர் பெரியது, சின்னது, கசெட் டெக். கடைசி வரியில் விரலை வைத்தார். அது டைப் அடித்தது இல்லை. என் அறையில் பாட்டுக் கேட்கிற சின்ன றேடியோவைப் பற்றி, வருகிற வழியில் நான் பேனையால் எழுதியது. 'கைறேடியோ, ஒன்று.'

"இது புதிது. பழுதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை மஹத்தயா, நன்றாக வேலை செய்கிறது" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

மனிதர் பெருமூச்சு விட்டு ஒப்பம் போட்டார்.